ரசீதுல என்ன பேரு போட்டாலும் அது வேலைக்கு வாங்குன காசுதான்

வேலை வாங்கிக் குடுக்கிற ஒரு கன்சல்டன்சில முன்பக்க டேபிள்ல ரெண்டு வருஷம் உக்காந்து வேலை பார்த்திருக்கேன். வேலை தேடி வர்றவங்க கதவைத் திறந்ததும் மொதல்ல பார்க்கிற முகம் என்னோடதுதான். பயோடேட்டா வாங்கணும், ஃபார்ம் நிரப்பச் சொல்லணும், போட்டோ ஒட்டணும், அப்புறம் ரசீது புக்கை எடுத்து காசு வாங்கணும். மொதல் கொஞ்ச மாசம் அந்த ரசீதுல "பதிவுக் கட்டணம்"னு எழுதிட்டு இருந்தேன். ஒரு நாள் காலைல ஓனர் வந்து, இனிமே அப்படி எழுதாதம்மா, "பயிற்சிக் கட்டணம்"னு எழுதுன்னார். அதே தொகை, அதே டேபிள், அதே ரப்பர் ஸ்டாம்ப். பயிற்சின்னு நாங்க குடுத்தது இன்டர்வியூல எப்படி உக்காரணும், கேள்வி கேட்டா எப்படி பதில் சொல்லணும்னு ஒரு அரை மணி நேரப் பேச்சு, அதுவும் அன்னைக்கு ஆள் இருந்தா.

ஏன் சார் மாத்துறோம்னு கேட்டேன். வேலை வாங்கிக் குடுக்கிறதுக்குன்னு காசு வாங்கக்கூடாதுன்னு ரூல் இருக்காம், செக்கிங் வந்தா பிரச்சனை ஆகும்னார். எங்க தொழிலுக்கு அரசாங்கத்தோட ரூல்னு ஒன்னு இருக்குங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ரூல் வந்ததுக்கு அப்புறம் எங்க ஆபீஸ்ல மாறுன ஒரே விஷயம் ரசீதுல ஒரு வார்த்தை, அதுதான் என்னை இவ்வளவு வருஷம் கழிச்சும் உறுத்திட்டு இருக்கு. அந்த வேலையை விட்டதுக்கு அப்புறம் இந்த விஷயத்தைப் பத்தி கிடைச்சதை எல்லாம் படிச்சேன், சட்டம், தீர்ப்பு, உலக தொழிலாளர் அமைப்போட ஒப்பந்தங்கள்னு, படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாச்சு, இந்த ஒரு வார்த்தை விளையாட்டு நூறு வருஷத்துக்கு மேல பழசு, அதைத் தடுக்கிற வழியையும் நிறைய பேர் ஏற்கனவே கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க.

மொதல்ல இந்தத் தொழில் எப்படி ஓடுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா வெளில இருந்து பார்க்கிறவங்களுக்கு எல்லா ஏஜென்சியும் ஒன்னு மாதிரி தெரியும். ஒரு வகை, ஆளைக் கம்பெனிக்கு அறிமுகப்படுத்தி வேலைக்குச் சேர்த்து விட்டுட்டு ஒதுங்கிக்கிறது, பிளேஸ்மென்ட். சேர்ந்ததுக்கு அப்புறம் அவருக்கு முதலாளி கம்பெனிதான். இன்னொரு வகை, ஆள் ஏஜென்சியோட ரோல்லயே, அதாவது ஊழியர் பட்டியல்லயே இருப்பார், வேலை மட்டும் வேற கம்பெனில பார்ப்பார், சம்பளம் ஏஜென்சி கையால வரும், கம்பெனி குடுக்கிறதுல ஒரு பங்கை ஏஜென்சி எடுத்துக்கும். மூணாவது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புறவங்க, அதுல ஊர்ல ஒரு ஏஜெண்ட், அவருக்குக் கீழ சப் ஏஜெண்ட், அங்க ஒரு ஏஜெண்ட்னு சங்கிலி மாதிரி நீளும். நான் இருந்தது மொதல் வகை.

மொதல் வகைல நியாயமா காசு குடுக்க வேண்டியது ஆள் தேடுற கம்பெனி. ஆள் வேணும்னு கேட்டது அவங்கதானே. பெரிய படிப்பு, பெரிய சம்பளம் இருக்கிற வேலைக்கெல்லாம் அப்படித்தான் நடக்குது, கம்பெனி கிளையன்ட், ஏஜென்சிக்கு வருஷ சம்பளத்துல இவ்வளவு சதவீதம்னு பில் போகும், வந்த ஆள் மூணு மாசத்துல நின்னுட்டா இலவசமா வேற ஆள் தரணும்னு ஒப்பந்தத்துல இருக்கும். ஆனா செக்யூரிட்டி, பேக்கிங், ஹவுஸ்கீப்பிங், டெலிவரி மாதிரி வேலைங்களுக்கு வாசல்ல எப்பவும் ஆள் நிக்கும், அதனால கம்பெனி காசு குடுக்க மாட்டேன்னு சொல்லிடும். அப்ப ஏஜென்சி யார்கிட்ட கை நீட்டும்? கதவைத் திறந்துட்டு வர்றவர்கிட்டதான். ஆக யாருக்கு ரொம்பக் கம்மி சம்பளமோ அவர்தான் வேலைக்கு விலை குடுக்கிறார், அதிக சம்பளக்காரருக்கு எல்லாம் இலவசம். இது எனக்கு அந்த டேபிள்ல உக்காந்திருந்தப்பவே புரிஞ்சது, வாய் திறக்கத்தான் தைரியம் இல்ல.

இதுல இன்னொரு ஆபத்து இருக்கு, வெளில இருக்கிறவங்களுக்கு சட்டுனு தோணாது. வேலை தேடுறவர் காசு குடுக்கிற முறைல, அவர் ஒரு இடத்துல நிலைச்சு நின்னா ஏஜென்சிக்கு அதுக்கப்புறம் வருமானம் இல்ல. அவர் ஒரு மாசத்துல வெளில வந்தா மறுபடி கட்டணம். அவர் இடத்துக்குப் போற புது ஆளும் கட்டணம். சூப்பர்வைசருக்கு அதுல ஒரு பங்கு போச்சுன்னா ஆளை அடிக்கடி மாத்துறது ரெண்டு பேருக்கும் லாபம். நான் ஏதோ கற்பனை பண்ணிச் சொல்றேன்னு நினைக்காதீங்க, அமெரிக்காவுல இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இது அப்பட்டமா நடந்திருக்கு. மரம் வெட்டுற கேம்ப், ரயில் பாதை போடுற இடம், அறுவடை வயல், இங்கெல்லாம் போறதுக்கு கூலிக்காரங்க நகரத்துல இருக்கிற ஏஜென்சில ஒரு டாலர் கட்டணும். அங்க போனா சில சமயம் வேலையே இருக்காது, இருந்தாலும் ஃபோர்மேன் சில நாள்ல துரத்திட்டு அடுத்த ஆளை எடுப்பார், அந்த டாலர்ல அவருக்கும் பங்கு. அந்தத் தொழிலாளிங்க ஏஜெண்டுங்களை "வேலைச் சுறா"ன்னு கூப்பிட்டிருக்காங்க.

வாஷிங்டன் மாநிலத்துல ஸ்போகேன்னு ஒரு ஊர். 1909ல அங்க ஐ.டபிள்யூ.டபிள்யூ தொழிற்சங்கக்காரங்க இந்த ஏஜென்சிங்களுக்கு எதிரா தெருவுல நின்னு பேச ஆரம்பிச்சாங்க, தெருவுல பேசுறதுக்கே நகராட்சி தடை போட்டுச்சு, ஒருத்தர் பெட்டி மேல ஏறி பேச்சை ஆரம்பிச்சதும் கைது, அடுத்தவர் ஏறுவார், அவரும் கைது, இப்படி நூத்துக்கணக்குல ஜெயிலுக்குப் போயிருக்காங்க, ஜெயில்ல இடம் பத்தாம வேற கட்டடத்துல எல்லாம் அடைச்சிருக்காங்க. கடைசில 1910ல நகராட்சி இறங்கி வந்தது, 19 ஏஜென்சியோட லைசென்ஸ் ரத்தாச்சு. ஒரு டாலர் கட்டணத்துக்காக இவ்வளவு பேர் ஜெயிலுக்குப் போனாங்கன்னு படிச்சப்ப எனக்கு நான் கிழிச்சுக் குடுத்த ரசீதெல்லாம் ஞாபகம் வந்தது.

அதோட நிக்கல. 1914ல அதே மாநிலத்துல மக்களே ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, வேலை தேடுறவர்கிட்ட ஏஜென்சி கட்டணம் வாங்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். ஏஜென்சிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 1917ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆடம்ஸ் - டேனர் வழக்குல அஞ்சுக்கு நாலுங்கிற கணக்குல அந்தச் சட்டம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஒரு பயனுள்ள தொழிலை ஒழுங்குபடுத்தலாம், ஆனா இப்படி மொத்தமா அழிக்கக்கூடாதுங்கிறது அவங்க வாதம். நாலு பேர் மாறுபட்டாங்க, அதுல நீதிபதி பிராண்டைஸ் எழுதுனது ரொம்ப நீளமானது, ஏன்னா அவர் சட்டத்தை மட்டும் பேசாம இந்தத் தொழில்ல உண்மைல என்ன நடக்குதுன்னு அறிக்கை அறிக்கையா எடுத்து வச்சிருக்கார், ஏஜெண்டும் ஃபோர்மேனும் கட்டணத்தைப் பங்கு போடுறது, இல்லாத வேலைக்கு ஆள் அனுப்புறது, லைசென்ஸ் குடுத்துப் பார்த்தும் அடங்காதது எல்லாம். 1928ல நியூ ஜெர்சி மாநிலம் கட்டணத்தை ஒழிக்கலை, அரசாங்கம் அதுக்கு வரம்பு வச்சுக்கட்டும்னுதான் கேட்டுச்சு, அதையும் ரிப்னிக் - மெக்பிரைட் வழக்குல உச்ச நீதிமன்றம் அடிச்சுப் போட்டுச்சு. 1941ல தான் நிலைமை திரும்புச்சு. நெப்ராஸ்கா மாநிலம் முதல் மாச சம்பளத்துல 10 சதவீதத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு போட்ட சட்டம் செல்லும்னு அதே நீதிமன்றம் ஒருமனதா சொல்லி 1928 தீர்ப்பை ஓரம் கட்டுச்சு. 1914ல மக்கள் ஓட்டுப் போட்டதுக்கும் இதுக்கும் நடுவுல 27 வருஷம். அதுக்குள்ள எத்தனை பேர் அந்த டாலரைக் கட்டியிருப்பாங்க.

உலக அளவுலயும் இதே இழுபறிதான். உலக தொழிலாளர் அமைப்பு 1919ல ஆரம்பிச்சப்ப போட்ட ரெண்டாவது ஒப்பந்தமே வேலையின்மை பத்தினது, இலவசமா வேலை தேடிக் குடுக்கிற அரசு அலுவலகங்களை ஒவ்வொரு நாடும் வைக்கணும்னு அதுல இருக்கு. 1933ல இன்னும் ஒரு படி மேல போய், லாபத்துக்காகக் கட்டணம் வாங்குற ஏஜென்சிங்களை மூணு வருஷத்துக்குள்ள ஒழிச்சிடணும்னு 34ஆம் ஒப்பந்தம். அது நடக்கலை. 1949ல 96ஆம் ஒப்பந்தம் வந்தது, ஒழிக்கிறதுன்னா ஒழிச்சுக்கோ, இல்லைன்னா லைசென்ஸ் போட்டு கட்டுப்படுத்து, ரெண்டுல ஒன்னைத் தேர்ந்தெடுத்துக்கோன்னு நாடுகளுக்கு விட்டுட்டாங்க. 1997ல 181ஆம் ஒப்பந்தம். இதுல தனியார் ஏஜென்சி இருக்கிறதை ஏத்துக்கிட்டாங்க, ஆனா ஏழாவது பிரிவுல ஒரு வரி இருக்கு, அதை நான் மனப்பாடமா வச்சிருக்கேன். நேரடியாவோ மறைமுகமாவோ, முழுசாவோ பகுதியாவோ, எந்தக் கட்டணத்தையும் செலவையும் தொழிலாளிகிட்ட வாங்கக்கூடாது. இதை எழுதுனவங்களுக்கு எங்க ஓனர் மாதிரி ஆளுங்களை நல்லாத் தெரிஞ்சிருக்கு. "மறைமுகமா"ங்கிற வார்த்தை "பயிற்சிக் கட்டணம்"ங்கிற ரசீதுக்காகவே வச்சது மாதிரி இருக்கு.

ஆனா அடுத்த வரில விதிவிலக்கும் குடுத்திருக்காங்க, தொழிலாளியோட நலனுக்குன்னா, சங்கங்களைக் கலந்து பேசிட்டு, சில வகை ஆளுங்களுக்கோ சில சேவைக்கோ அரசாங்கம் அனுமதிக்கலாம். இங்கிலாந்துல 1973 சட்டப்படி வேலை தேடுறவர்கிட்ட கட்டணம் வாங்குறது குத்தம், ஆனா நடிப்பு, மாடலிங் மாதிரி துறைகளுக்கு விலக்கு. அந்த விலக்கு எனக்கும் புரியுது, ஒரு நடிகருக்கு ஏஜெண்ட் வருஷக்கணக்கா கூடவே இருந்து வேலை தேடித் தர்றார், வேலை கிடைச்சதுக்கு அப்புறம் பங்கு எடுத்துக்கிறார். வாசல்ல நின்னுட்டு வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடியே காசைக் கட்டுற செக்யூரிட்டி அண்ணனையும் அவரையும் ஒரே தராசுல வைக்க முடியாது.

"மறைமுகமா"ன்னா என்னென்னங்கிறதுல சண்டை வந்துட்டே இருந்ததால 2018ல உலக தொழிலாளர் அமைப்பு அரசு, முதலாளி, தொழிலாளி மூணு தரப்பு நிபுணர்களையும் உக்கார வச்சு ஒரு வரையறை எழுத வச்சாங்க. மருத்துவப் பரிசோதனை, இன்சூரன்ஸ், திறன் தேர்வு, பயிற்சி, யூனிஃபார்ம் மாதிரி பொருட்கள், பயணம், தங்குற செலவு, ஆபீஸ் செலவு, வேலைல சேர்க்கிறதுக்காக ஏஜென்சியோ முதலாளியோ கேட்குறதா இருந்தா இதெல்லாம் ஆள் எடுக்கிற செலவுதான், தொழிலாளி தலைல கட்டக்கூடாதுன்னு. பயிற்சிங்கிற வார்த்தை அந்தப் பட்டியல்ல இருக்கிறதைப் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். பேரை மாத்துனா தப்பிச்சுடலாம்ங்கிற கதவை மூடணும்னா இப்படித்தான் ஒவ்வொரு பேரா எழுதி வைக்கணும். உங்க நாட்டுச் சட்டத்துல "கட்டணம் வாங்கக்கூடாது"ன்னு மட்டும் இருந்து, எதெல்லாம் கட்டணம்னு இல்லைன்னா அந்தச் சட்டத்துக்குப் பாதி பல் இல்லைன்னு வச்சுக்கோங்க.

இப்ப லைசென்ஸ். நிறைய பேர் லைசென்ஸ் இருந்தா எல்லாம் சரின்னு நினைக்கிறாங்க. லைசென்ஸ் தேவை, சந்தேகமே இல்ல, ஏன்னா ஒரு மேஜை, ஒரு போன், ஒரு போர்டு இருந்தா யார் வேணா ஆரம்பிக்கலாம்ங்கிற தொழில் இது, ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டும் போகலாம். அதனாலதான் நல்ல லைசென்ஸ் முறைல டெபாசிட்டோ வங்கி உத்தரவாதமோ கேட்பாங்க, ஆள் ஓடிட்டா அதுல இருந்து பாதிக்கப்பட்டவங்களுக்குத் தரலாம். இந்தியாவுல வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவங்களுக்கு 1983 குடியேற்றச் சட்டம் பதிவையும் பிணைத் தொகையையும் வச்சதுக்குக் காரணம் இதுதான். ஆனா லைசென்ஸ் சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தும் உள்ள என்ன வேணா நடக்கும். லைசென்ஸ் குடுத்த ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்து ரசீது புக்கைப் புரட்டணும், வேலைல சேர்ந்த பத்து பேருக்கு போன் பண்ணி நீங்க எவ்வளவு குடுத்தீங்கன்னு கேட்கணும். நான் இருந்த ரெண்டு வருஷத்துல அப்படி ஒரு போன் யாருக்கும் வரலை.

இங்கிலாந்துல 1995ல சாதாரண ஏஜென்சிங்களுக்கு லைசென்ஸே வேண்டாம்னு எடுத்துட்டாங்க, வெறும் பேப்பர் வேலைன்னு சொல்லி. நடத்தை விதிகள் மட்டும் இருந்தது. 2004 பிப்ரவரி 5 ராத்திரி மோர்கேம்ப் விரிகுடால சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளிங்களை அலை சூழ்ந்துக்கிட்டுச்சு, குறைஞ்சது 21 பேர் மூழ்கிட்டாங்க. அவங்களுக்கு அந்த ஊரு கடலோட போக்கும் தெரியாது, பாஷையும் தெரியாது, அவங்களைக் கூட்டிட்டு வந்து வேலை வாங்குன கேங் மாஸ்டருக்கு லைசென்ஸ்னு ஒன்னு அப்ப தேவைப்படலை. 1995 முடிவுதான் இந்தச் சாவுக்குக் காரணம்னு ஒரே கோடா நான் போட மாட்டேன், அந்த மாதிரி கேங் மாஸ்டருங்க எந்தச் சட்டத்துக்கும் வெளிலதான் இருந்தாங்க. ஆனா அதே வருஷம் கேங் மாஸ்டர் லைசென்ஸ் சட்டம் வந்தது, விவசாயம், சிப்பி பொறுக்குறது, அதைச் சார்ந்த பதப்படுத்துற, பேக்கிங் வேலைகளுக்கு ஆள் சப்ளை பண்றவங்க லைசென்ஸ் எடுக்கணும். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், லைசென்ஸ் இல்லாம ஆள் சப்ளை பண்ணா குத்தம், லைசென்ஸ் இல்லாதவர்கிட்ட இருந்து ஆள் எடுத்த பண்ணைக்காரருக்கும் குத்தம்.

இந்த இடத்துலதான் எல்லாமே இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஏஜென்சியை மட்டும் மிரட்டுனா அது பேரை மாத்திட்டு அடுத்த தெருவுல போர்டு மாட்டும். ஆள் எடுக்கிற கம்பெனிக்கு ஓட முடியாது, அதுக்குக் கட்டடம் இருக்கு, மெஷின் இருக்கு, பேரு இருக்கு, வாடிக்கையாளருங்க இருக்காங்க. பொறுப்பை அது மேலயும் வச்சா அதுவே ஏஜென்சியை விசாரிச்சு எடுக்கும். ஜெர்மனில 1972ல இருந்து இருக்கிற தொழிலாளர் வாடகைச் சட்டம் இதை அழகா செஞ்சிருக்கு, லைசென்ஸ் இல்லாத ஏஜென்சி மூலமா நீங்க ஆளை வேலைக்கு வச்சா அந்த ஆள் உங்களோட சொந்த ஊழியரா ஆயிடுவார்னு சட்டமே சொல்லிடுது. அபராதத்தைக் கணக்குல செலவா எழுதிட்டுப் போற முதலாளிகூட இதுக்குப் பயப்படுவார். பிலிப்பைன்ஸ்ல 1995 சட்டப்படி வெளிநாட்டுக்குப் போன தொழிலாளிக்கு சம்பளம் வரலைன்னா உள்ளூர் ஏஜென்சியும் அந்த வெளிநாட்டு முதலாளியும் சேர்ந்தும் தனித்தனியாவும் பொறுப்பு. அதாவது எங்கேயோ இருக்கிற முதலாளியைத் தேடி அந்தத் தொழிலாளி அலைய வேண்டாம், தன்னை அனுப்புன ஏஜென்சி மேலயே சொந்த நாட்டுல கேஸ் போட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம். ஏஜென்சி அப்புறம் முதலாளிகிட்ட வசூல் பண்ணிக்கட்டும். எந்த முதலாளி சம்பளம் ஒழுங்கா தருவான்னு தெரிஞ்சுக்கிற சக்தி யாருக்கு இருக்கோ அவங்க மேல பாரத்தை வைக்கிறது, இதைவிட நியாயம் எனக்குத் தெரியலை.

ரெண்டாவது வகை, ஏஜென்சி ரோல்ல இருந்துட்டு கம்பெனில வேலை பார்க்கிறவங்க, அவங்க பாடு வேற. அங்க முன்கூட்டி காசு கேட்க மாட்டாங்க, மாசா மாசம் சம்பளத்துல இருந்து எடுத்துப்பாங்க, எவ்வளவு எடுக்கிறாங்கன்னு ஸ்லிப்ல இருக்காது. ஒரே மெஷின்ல பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு பேருக்கு ரெண்டு சம்பளம். அடிபட்டா கம்பெனி ஏஜென்சியைக் கை காட்டும், ஏஜென்சி கம்பெனியைக் கை காட்டும். ஐரோப்பிய யூனியன் 2008ல ஒரு உத்தரவு போட்டுச்சு, கம்பெனி நேரா எடுத்திருந்தா என்ன சம்பளம், என்ன வேலை நேரமோ அதேதான் ஏஜென்சி ஆளுக்கும், கட்டணம் வாங்கக்கூடாது, கம்பெனி அவரை நிரந்தரமா எடுக்க நினைச்சா ஏஜென்சி தடுக்கக்கூடாதுன்னு. ஆனா நாடுகள் அதுல நெளிவு சுளிவு வச்சிருக்கு. பிரிட்டன்ல 12 வாரம் ஆனதுக்கு அப்புறம்தான் சம சம்பளம். ஜெர்மனில 2017ல இருந்து 9 மாசம் ஆகணும், ஒரே கம்பெனில 18 மாசத்துக்கு மேல வைக்கக்கூடாது, ஆனா சங்கமும் முதலாளிங்களும் போடுற கூட்டு ஒப்பந்தம் மூலமா அதையும் தள்ளிப் போடலாம். பதினோராவது வாரம் ஆளை மாத்துற சூப்பர்வைசர் இருப்பார்னு சட்டம் எழுதுறவங்களுக்குத் தெரியாமலா இருக்கும். அதனாலதான் சில இடத்துல ஒரேயடியா நிறுத்துறதும் சரின்னு எனக்குத் தோணுது, ஜெர்மனி 2021ல பெரிய இறைச்சி ஆலைங்கள்ல மாடு பன்னி வெட்டுற வேலைக்கு வெளி ஆள் ஒப்பந்தத்தையே தடை பண்ணிடுச்சு, கொரோனா அந்த ஆலைங்கள்லயும் தொழிலாளிங்க நெருக்கியடிச்சுத் தங்குன இடங்கள்லயும் பரவுனதுக்கு அப்புறம்.

எங்க ஓனர் சொன்ன வாதத்தையும் நேர்மையா சொல்லணும். அவர் கெட்ட மனுஷன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கு சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனதில்ல. அவர் சொல்வார், கம்பெனி காசு தராது, இவங்ககிட்டயும் வாங்கக்கூடாதுன்னா நான் கடையை மூடணும், நான் மூடுனா இவங்க ரசீதே குடுக்காத தெரு புரோக்கர்கிட்ட போவாங்க, அவன் என்னைவிட மூணு மடங்கு வாங்குவான். இதுல உண்மை இருக்கு. 1933ல ஒழிச்சிடணும்னு எழுதியும் ஒழியாததுக்குக் காரணம் இதுவும்தான், வேலை தேடுற தேவை அப்படியே இருக்கிறப்ப இடைல இருக்கிற ஆளை மட்டும் தடை பண்ணா அவர் இருட்டுக்குப் போயிடறார். ஜெர்மனில பல வருஷம் வேலை தேடிக் குடுக்கிறது அரசாங்கத்துக்கு மட்டுமே சொந்தமான வேலையா இருந்தது, தனியார் செய்யக்கூடாது. 1991ல ஐரோப்பிய நீதிமன்றம் ஹோஃப்னர் வழக்குல, நிர்வாகப் பதவிங்களுக்கு ஆள் தேடுற தேவையை அரசு அலுவலகத்தால பூர்த்தி செய்ய முடியாதப்ப தனியாரையும் தடுக்கிறது செல்லாதுன்னு சொன்னதுக்கு அப்புறம், 1994ல அந்த ஏகபோகம் முடிஞ்சுது. அரசாங்கம் நல்லா செய்யாத வேலையை மத்தவங்களும் செய்யக்கூடாதுன்னு சொன்னா பாதிக்கப்படுறது நடுவுல நிக்கிறவர்தான்.

ஆனா ஓனரோட வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு. "கம்பெனி காசு தராது"ங்கிறதை இயற்கை விதி மாதிரி சொல்றார். வேலை தேடி வர்றவர் தர்றார்ங்கிறதாலதான் கம்பெனி தர மாட்டேங்குது. எல்லா ஏஜென்சியும் ஒரே நாள்ல வர்றவங்ககிட்ட வாங்குறதை நிறுத்துனா, ஆள் வேணும்ங்கிற கம்பெனி வேற எங்க போகும்? அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகலாம், நேரா விளம்பரம் குடுக்கலாம், இல்ல ஏஜென்சிக்குக் காசு தரலாம், மூணுமே நல்லதுதான். ஒரு ஏஜென்சி மட்டும் நிறுத்துனா அது செத்துடும், அதனாலதான் இது நல்ல மனசு இருக்கிற ஓனரால தனியா பண்ண முடியாத காரியம், சட்டம்தான் எல்லாருக்கும் ஒரே கோடு போடணும். செக்கிங் நடக்காத ஊர்ல சட்டத்தை மதிக்கிற ஏஜென்சிதான் மொதல்ல மூடப்படும், மதிக்காதது வளரும். இதை நினைச்சா எனக்குக் கோபம் வருது, ஏன்னா இன்ஸ்பெக்டர் வராததால நட்டம் வேலை தேடுறவருக்கு மட்டும் இல்ல, நேர்மையா தொழில் பண்ண நினைச்ச நாலு பேருக்கும் சேர்த்துத்தான்.

இப்ப ஆப் மூலமா வேலை தேடுறாங்க. அங்க ரசீது புக்கு கிடையாது, "ப்ரீமியம் ப்ரொஃபைல்", "முன்னுரிமை", "சரிபார்ப்புக் கட்டணம்"னு பட்டன் இருக்கும். அழுத்தினா காசு போகும். நான் இதையும் பழைய ரசீது மாதிரிதான் பார்க்கிறேன், வேலை தேடுறவர்கிட்ட இருந்து காசு வருதா, வேலைக்கான வாய்ப்பு அதைப் பொறுத்து மாறுதா, அப்ப அது கட்டணம். 181ஆம் ஒப்பந்தத்துல தொழிலாளியோட தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்கணும், வேலைக்குத் தேவையானதைத் தவிர வேற எதையும் வாங்கி வைக்கக்கூடாதுன்னு ஆறாவது பிரிவு இருக்கு, அதை 1997ல எழுதுனாங்க. எங்க ஆபீஸ்ல ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி பீரோல வச்சிருந்தோம், வேற ஏஜென்சிக்குப் போயிடக்கூடாதுன்னு. பீரோ சாவி என்கிட்டதான் இருக்கும். அது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும், தெரிஞ்சும் சாவியை வச்சிருந்தேன், இதை இங்க சொல்லாம விட்டா மேல எழுதுனதுக்கெல்லாம் அர்த்தம் இல்ல.

அந்த ஆபீஸ்ல ஒரு தடவை பார்த்த ஒருத்தர், எங்க அப்பா வயசு இருக்கும் அவருக்கு. நைட் வாட்ச்மேன் வேலைக்கு வந்தார், வட்டிக்கு வாங்கித்தான் கட்டுனார்னு அப்புறம் தெரிஞ்சது. அனுப்புன இடத்துல அந்த வேலை ஏற்கனவே நிரம்பிடுச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு நாள் கழிச்சு வந்து என் டேபிள் முன்னாடி நின்னார். என்னைப் பார்த்து "மேடம், வேலைதான் இல்லையே, காசு திரும்பக் கிடைக்குமா"ன்னு கேட்டார். ரசீதை நாலா மடிச்சு சட்டைப் பைல வச்சிருந்தார், எடுத்துக் காட்டினார். ஓனர் உள்ள இருந்து, அது பயிற்சிக்கு வாங்குனது, பயிற்சி குடுத்தாச்சு, வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் ரசீதை விரிச்சு நான் எழுதுன அந்த வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பார்த்தார். சரிங்க மேடம்னு மடிச்சு மறுபடி பைல வச்சுட்டுப் போனார்.

அதனால இப்ப யாராவது எனக்கு போன் பண்ணி, அக்கா ஒரு கன்சல்டன்சில காசு கேட்கிறாங்க கட்டலாமான்னா, கட்டாதீங்கன்னுதான் சொல்றேன், ஏற்கனவே கட்டிட்டேன்னா ரசீதைத் தொலைச்சிடாதீங்க, எந்தத் தேதில யார் எந்த வேலைக்குன்னு சொல்லி வாங்குனாங்கன்னு ரசீதுக்குப் பின்னாடியே உங்க கையால எழுதி வைங்க, போன்ல பேசுன மெசேஜை அழிச்சிடாதீங்க, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார் கேட்டாலும் தராதீங்க, உங்க ஊர் தொழிலாளர் துறைல எழுத்துல புகார் குடுத்து அதுக்கு நம்பர் வாங்குங்கன்னு சொல்றேன். புகார் குடுக்கப் போறவங்களுக்கு எழுதித் தரவும் நான் தயார், போன வாரம்கூட ஒரு தங்கச்சிக்கு எழுதிக் குடுத்தேன். அவ ரசீதுல "ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம்"னு போட்டிருந்தது. புகார்ல மொதல் வரியா, வேலைக்காக வாங்கிய பணம்னு எழுதினேன்.